கரை மின்சாரமும் மூன்றாவது கம்பியும்

மாலை நேரத்தில் லங்காவியிலோ சிங்கப்பூரின் கெப்பல் விரிகுடாவிலோ உள்ள படகுத்துறைக்குச் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். மிதவை நடைபாதையின் இருபுறமும் பாய்மரப் படகுகளும் விசைப்படகுகளும் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். படகுகளுக்கு அருகில், நடைபாதையின் ஓரமாக, இடுப்பளவு உயரமுள்ள சிறு தூண்கள் நிற்கும். ஒவ்வொரு தூணிலிருந்தும் தடித்த கம்பிவடம் ஒன்று வளைந்து சென்று படகுக்குள் நுழையும். படகைக் கட்டியிருக்கும் கயிறுகளுக்கு நடுவே அதுவும் இன்னொரு கயிற்றைப் போலவே தோன்றும். ஆனால், அதன் வழியே ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். நம் வீட்டுச் சுவரில் உள்ள செருகுதுளையில் கிடைக்கும் அதே மின்சாரம்தான் அது.

வீட்டுச் சுவர் நிலத்தில் நிற்கிறது. படகோ நீரில் மிதக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டினால், வீட்டில் நாம் பொருட்படுத்தாத ஒரு மெல்லிய கம்பி படகில் மிக முக்கியமான பொருளாகிவிடுகிறது. அந்தக் கம்பியைப் பற்றி அறிவதற்கு முன், படகுக்குக் கரையிலிருந்து மின்சாரம் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

கடலில் செல்லும் சிறு படகு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து பெறுகிறது. விளக்கு, வானொலித் தொடர்புக் கருவி, திசைகாட்டும் கருவிகள், சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகிய எல்லாமே அதை நம்பியுள்ளன. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய அமில மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவில் பாதிக்குமேல் பயன்படுத்தினால் அதன் ஆயுள் குறையும். எனவே, உண்மையில் நமக்குக் கிடைப்பது 50 ஆம்பியர்-மணிதான். குளிர்பதனப் பெட்டி 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டு நாளின் பாதி நேரம் ஓடினால், அது மட்டுமே ஒரு நாளில் 60 ஆம்பியர்-மணியை விழுங்கிவிடும். கணக்கு உதைக்கிறது அல்லவா? இயந்திரத்தை ஓட்டி மின்கலத்தை மின்னேற்றலாம். ஆனால், துறையில் நிற்கும்போது அப்படிச் செய்தால் புகையும் இரைச்சலும் அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்குத் தொல்லையாகும். இயந்திரம் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு, மூடிய படகறையில் உறங்குபவரின் உயிரையே பறிக்கவும் கூடும். எனவேதான், துறையை அடைந்ததும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தை இணைக்கிறார்.

கரை மின்சாரம் சிறு படகுகளுக்கு மட்டும் உரியதன்று. பெரிய கப்பல்களும் துறைமுகத்தில் தங்கள் மின்னாக்கிகளை நிறுத்திவிட்டு இதைப் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 2030 முதல் புதிதாகப் பணியில் சேரும் துறைமுகப் படகுகள் முழுமையாக மின்சாரத்தில் இயங்க வேண்டும். இல்லையேல் உயிரி எரிபொருள் போன்ற தூய எரிபொருளை ஏற்கும் திறன் பெற்றிருக்க வேண்டும். ஆகவே, இத்தகைய கம்பிவடங்களை வருங்காலத்தில் நாம் இன்னும் அதிகமாகக் காணப்போகிறோம்.

இனி, அந்தக் கம்பிவடத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அதன் இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தூணில் செருகும் முனையில் மூன்று ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். படகில் செருகும் முனையில் ஊசிகளுக்குப் பதிலாகத் துளைகள் இருக்கும். இரண்டும் நீல நிறத்தில் இருக்கும். இவ்வகைச் செருகிகளில் நீலம் 230 வோல்ட்டையும் மஞ்சள் 110 வோல்ட்டையும் சிவப்பு 400 வோல்ட்டையும் குறிக்கும். மொழி தெரியாத நாட்டுத் துறையிலும் நிறத்தைப் பார்த்தே அழுத்தத்தை அறியலாம். இது தேவையான ஏற்பாடுதான். அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து லங்காவிக்கு வரும் படகு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென அமைக்கப்பட்டது. அதை நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துடன் நேரடியாக இணைத்தால், அதிலுள்ள கருவிகள் சில நொடிகளில் கருகிவிடும்.

ஊசிகளும் துளைகளும் இப்படி அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் வரும் பக்கத்தில் எப்போதும் துளைகளே இருக்க வேண்டும். அப்போதுதான் மின்சாரம் பாயும் உலோகத்தை நம் கை தவறியும் தொடாது. தூணிலும் துளைகள், கம்பிவடத்தின் படகு முனையிலும் துளைகள். சிலர் பழைய கம்பிவடங்களை வெட்டி ஒட்டி, இரு முனைகளிலும் ஊசி வைத்த வடத்தைத் தாமே செய்துகொள்வதுண்டு. ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் ஊசிகளில் 230 வோல்ட் நிற்கும். அதைக் கையில் பிடித்திருப்பவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இணைப்பதிலும் ஒரு வரிசை முறை உண்டு. முதலில் படகின் முதன்மை விசையையும் தூணின் விசையையும் அணைக்க வேண்டும். பிறகு கம்பிவடத்தைப் படகில் செருக வேண்டும். அதன் பின்னரே தூணில் செருகி விசையைத் திறக்க வேண்டும். புறப்படும்போது இதே வரிசை தலைகீழாகும். விசைகளை அணைத்துவிட்டு, முதலில் தூணிலிருந்து கழற்ற வேண்டும். பிறகுதான் படகிலிருந்து கழற்ற வேண்டும். முறை மாறினால் என்ன? படகிலிருந்து முதலில் கழற்றிய முனை கைதவறி நீரில் விழுந்தால், தூணிலிருந்து வரும் மின்சாரம் நேராக நீருக்குள் செல்லும். மிதவை நடைபாதையில் அலை அடிக்கும்போது கால் இடறுவது அரிதான நிகழ்வன்று.

சிறு படகுகளுக்கான தூண்களில் பெரும்பாலும் 16 ஆம்பியர் வரை எடுக்கலாம். 230-ஐ 16-ஆல் பெருக்கினால் 3,680 வாட். கொதிகெண்டி 2,000 வாட்டும், குளிரூட்டி 1,200 வாட்டும், மின்கலம் மின்னேற்றி 300 வாட்டும் எடுத்தால் மொத்தம் 3,500 வாட். இதற்குமேல் துணி தேய்க்கும் பெட்டியையும் போட்டால் தூணில் உள்ள மின்சுற்று முறிப்பான் விழுந்துவிடும். முறிப்பான் விழுவதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் பலர். உண்மையில் அது தன் கடமையைத்தான் செய்கிறது.

அந்த முறிப்பானும் கண்டுபிடிக்க முடியாத ஓர் ஆபத்து உண்டு. உப்புக் காற்றில் செருகியின் ஊசிகள் கறுத்துப் பச்சை பூக்கும். அந்த இடத்தில் மின்தடை கூடும். தடை வெறும் 0.1 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் ஓடும்போது அங்குப் பிறக்கும் வெப்பம், 16-ஐ 16-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 25.6 வாட். இது எவ்வளவு? மின்னணுக் கருவிகளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறு பற்றுக்கோல் ஒன்று ஏறத்தாழ 25 வாட்தான் எடுக்கும். அத்தகைய ஒரு கோல் பிளாஸ்டிக் செருகிக்குள் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஓடும் மின்னோட்டம் 16 ஆம்பியருக்கு மேல் போகவில்லை. ஆகவே முறிப்பான் விழாது. செருகியைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், அல்லது அதன் நிறம் பழுப்பாகியிருந்தால், அதை மாற்றிவிடுவதே வழி. மிச்சமிருக்கும் வடத்தைச் சுருட்டிக் கட்டி வைப்பதும் தவறு. சுருளுக்குள் சிக்கிய வெப்பம் வெளியேற முடியாது.

இப்போது கம்பிவடத்தின் உள்ளே பார்ப்போம். அதில் மூன்று கம்பிகள் உள்ளன. பழுப்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நீலக் கம்பி அதைத் திருப்பி எடுத்துச் செல்கிறது. பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது கம்பிதான் நிலக்கம்பி. நாம் பேச்சுவழக்கில் எர்த் என்கிறோமே, அதுதான். சாதாரண நாளில் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. விளக்கு எரிவதற்கோ தண்ணீர் சுடுவதற்கோ அது தேவையும் இல்லை. அதை வெட்டிவிட்டாலும் படகில் எல்லாம் முன்போலவே இயங்கும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில், அதை வெட்டிவிடச் சிலருக்கு ஒரு காரணம் இருக்கிறது.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் செப்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் குத்தி, இரண்டையும் கம்பியால் இணைத்து மின்னோட்டம் உண்டாக்கியிருப்பீர்கள். இரு வேறு உலோகங்கள், அவற்றைச் சூழ்ந்த ஒரு மின்பகுளி, இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் மின்கலம் ஆயத்தம். படகுத்துறையில் எலுமிச்சைச் சாற்றின் இடத்தில் கடல்நீர் இருக்கிறது. அருகில் நிற்கும் படகில் வெண்கல உந்துவிசிறி இருக்கிறது. நம் படகின் அடியில் துத்தநாகக் கட்டி இருக்கிறது. இரு படகுகளையும் இணைக்கும் கம்பி எது? இரு படகுகளின் நிலக்கம்பிகளும் கரையில் ஒன்றாகச் சேர்கின்றன. அவைதாம் அந்த இணைப்பு. இரு படகுகளும் கரை மின்சாரத்தை இணைத்த அந்த நொடியிலேயே, யாரும் விரும்பாத ஒரு மின்கலம் இயங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த மின்கலத்தில் கரைந்து அழிவது துத்தநாகம்.

படகின் அடியில் துத்தநாகம் எதற்கு என்று கேட்கலாம். 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேய வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவி, மரக்கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடு அரிக்கப்படாமல் காக்க வழி தேடினார். செம்புடன் இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்துப் பொருத்தினால், அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்று கண்டறிந்தார். செம்பு காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால், செம்பு கரையாமல் போனதால் அதன் நச்சுத்தன்மை நீரில் கலக்கவில்லை. கப்பலின் அடியில் சிப்பிகளும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. அக்காலத்தில் அவருக்குப் பாராட்டைவிடக் கேலியே மிஞ்சியது. எனினும், அவருடைய கருத்து நிலைத்துவிட்டது. இன்றும் உலோகக் கப்பல்களின் அடியில் தம்மையே பலிகொடுக்கும் இத்தகைய கட்டிகளைக் காணலாம்.

நிலக்கம்பி வழியாக ஓடும் அரிப்பு மின்னோட்டம் மிகச் சிறியதே. ஆனால், அது இரவு பகலாக ஓடுகிறது. 0.1 ஆம்பியர் ஓர் ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ ஒரு கிலோ துத்தநாகம் கரைந்து போகும். கட்டி தீர்ந்த பிறகு அரிப்பு படகின் அலுமினியப் பாகங்களுக்குத் தாவும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கட்டியைச் சில மாதங்களிலேயே மாற்ற நேரும் படகுக்காரர் என்ன செய்வார்? காரணத்தை விசாரிப்பார். நிலக்கம்பிதான் காரணம் என்று யாராவது சொல்வார். சொன்னவர் கூறியது பொய்யுமன்று. ஓர் இடுக்கி, ஒரே வெட்டு, அரிப்பு நின்றுவிடும். படகில் விளக்கும் முன்போலவே எரியும்.

சில காலம் கழித்து அதே படகில் உள்ள நீர்ச்சூடேற்றி பழுதடைகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே உள்ள பழுப்புக் கம்பியின் காப்புறை தேய்ந்து, கம்பி உலோக உறையைத் தொடுகிறது. நிலக்கம்பி இருந்திருந்தால், மின்சாரம் அதன் வழியே வெள்ளம்போலக் கரைக்குப் பாய்ந்திருக்கும். முறிப்பான் உடனே விழுந்திருக்கும். இப்போது அந்த வழி இல்லை. ஆனால், மின்சாரம் கரைக்குத் திரும்பியே தீரும். படகின் உலோகப் பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், அது உந்துவிசிறித் தண்டுவரை சென்று, அங்கிருந்து நீருக்குள் இறங்கிக் கரையை நோக்கிப் பரவுகிறது. நீர்வழியின் தடை 50 ஓம் என்றால் ஓடும் மின்னோட்டம் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியருக்காகக் காத்திருக்கும் முறிப்பானுக்கு இது தெரியவே தெரியாது. படகில் இருப்பவருக்கும் தெரியாது. அந்த நீரில் யாராவது நீந்தினால் மட்டுமே தெரியவரும்.

மனித உடலில் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே தசைகள் நம் கட்டளைக்கு அடங்காமல் இறுகிவிடும். தரையில் நிற்பவர் கீழே விழுவார். பிறர் வந்து தூக்குவார்கள். நீரில் இருப்பவர் கையையும் காலையும் அசைக்க முடியாமல் அமைதியாக மூழ்குவார். உடலில் தீக்காயம் எதுவும் இருக்காது. பார்ப்பவர்கள் நீச்சல் தெரியாமல் மூழ்கிவிட்டார் என்றே எண்ணுவார்கள். 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஆற்றுப் படகுத்துறை ஒன்றில் நீந்திக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அவன் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தான். மூழ்க வழியில்லாத சிறுவன் எப்படி இறந்தான் என்ற கேள்விதான் உண்மையை வெளிக்கொணர்ந்தது. அருகில் இருந்த படகு ஒன்றிலிருந்து மின்சாரம் நீரில் கசிந்திருந்தது. அவனுடைய தந்தை பிற்காலத்தில் இவ்வகை மரணங்களைப் பற்றிப் படகுக்காரர்களுக்கு எடுத்துரைக்கும் பணியில் இறங்கினார்.

அந்த விபத்து கடலில் நடக்காமல் ஆற்றில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். கடல்நீர், ஆற்றுநீரைவிட நூறு மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. மனித உடலைவிடவும் நன்றாகவே கடத்தும். எனவே, கடலில் மின்சாரம் பெரும்பாலும் உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நன்னீரில் நிலைமை நேர்மாறானது. அங்கு நீரைவிட மனித உடலே எளிய வழி. ஆகவே, படகுவீடுகள் மிதக்கும் நம் கெஞ்சிர் ஏரி போன்ற நன்னீர்த் துறைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலும் அப்படியே. பெருமழைக்குப் பின் அங்கு மேல்மட்ட நீர் நன்னீராகிவிடுகிறது. ஆனால், கடல்நீர் என்றால் அஞ்சவே வேண்டாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. மின்சாரம் கசியும் இடத்தை நெருங்க நெருங்க எந்த நீரும் ஆபத்தானதே.

மின்கசிவுத் தடுப்பான் என்னும் கருவி இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. பழுப்புக் கம்பியில் போகும் மின்னோட்டத்தையும் நீலக் கம்பியில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் நன்று. 30 மில்லி ஆம்பியர் அளவு குறைந்தாலும், அந்தக் குறைவு எங்கோ தவறான வழியில் போகிறது என்று பொருள். நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டு மின்பெட்டியிலும் இத்தகைய கருவி இருக்கும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்றையும் காணலாம். உப்புக் காற்றில் இக்கருவியின் உள்ளுறுப்புகள் இறுகிப் போகக்கூடும். எனவே, படகில் அந்தப் பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். தடுப்பான் இருக்கிறதே என்று நிலக்கம்பியை வெட்டுவது, இரண்டு காவலர்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர் உறங்கமாட்டார் என்று நம்புவதைப் போன்றது.

அப்படியானால் அரிப்புக்கு என்ன வழி? நிலக்கம்பியை வெட்டாமல், அதன் நடுவே அரிப்புத் தடுப்பான் என்னும் சிறு பெட்டியைப் பொருத்தலாம். அதனுள் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு டையோடுகள் வரிசையாக இருக்கும். ஒரு டையோடு திறக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும்; இரண்டு திறக்க 1.2 வோல்ட் வேண்டும். உலோகங்கள் கடல்நீரில் உண்டாக்கும் அழுத்தம் பொதுவாக ஒரு வோல்ட்டை எட்டுவதில்லை. ஆகவே, அரிப்பு மின்னோட்டம் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். பழுது ஏற்பட்டு 230 வோல்ட் வந்தாலோ கதவு தானே திறந்து வழிவிடும். இதைவிட உறுதியான வழி, காப்பு மின்மாற்றி. அதில் கரைக் கம்பிக்கும் படகுக் கம்பிக்கும் இடையே தொடுதலே இல்லை. ஆற்றல் காந்தப்புலத்தின் வழியே கடந்து வருகிறது. ஆனால், அதன் எடை இருபது கிலோவுக்கும் மேல், விலையும் கூடுதல். சிறு படகு வைத்திருப்பவருக்கு டையோடுப் பெட்டியே பொருத்தமானது என்று தோன்றுகிறது.

படகுத்துறைகளில் நீந்தக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். படகுகள் மோதிவிடும் என்பதற்காக மட்டும் வைக்கப்பட்டது அது என்று பலரும் நினைக்கின்றனர். துறைக்கு அருகே நீரில் விழுந்த ஒருவர் உடலில் எறும்பு ஊர்வதுபோன்ற கூச்சத்தை உணர்ந்தால், இரும்பு ஏணியைப் பற்ற முயலாமல், துறையையும் படகுகளையும் விட்டு விலகி நீந்த வேண்டும். கரையில் இருப்பவர் உதவி செய்யும் ஆவலில் நீரில் குதித்துவிடக்கூடாது; குதித்தால் அவருக்கும் அதே கதிதான். முதலில் அருகிலுள்ள தூண்களின் விசைகளை அணைக்க வேண்டும். இயலாவிட்டால் துறையின் முதன்மை விசையை அணைக்கச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். அதற்கிடையே உயிர்காப்பு வளையத்தைக் கயிற்றுடன் வீச வேண்டும். கயிறு நைலானால் ஆனதாக இருக்கட்டும். இரும்புச் சங்கிலி வேண்டாம்.